பழங்களை வரைந்த ஓவியத்தைப் பார்க்கப் பழகுவது எப்படி?

மியூசியங்களில் பழம் வரைந்த படத்தின் முன்னால் கூட்டம் நிற்பது அபூர்வம். பக்கத்துச் சுவரில் ஒரு போர்க்களமோ மகாராணியோ இருந்தால் எல்லாரும் அங்கே போய்விடுவார்கள். ஓவியம் தெரிந்தவர்களே நெடுங்காலம் இந்த வகையைக் கடைசி வரிசையில்தான் உட்கார வைத்திருந்தார்கள். 1667-ல் பிரெஞ்சு ஓவிய அகாடமிக்காக எழுதிய ஆந்த்ரே ஃபெலிபியன் ஓவிய வகைகளுக்கு ஒரு தரவரிசை போட்டார். சரித்திரமும் புராணமும் மேலே, பழமும் பூவும் அடியிலே. கண்ணுக்கு முன்னால் இருக்கும் பழத்தைப் பார்த்து வரைவதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது அந்தக் காலத்து எண்ணம்.

நிறைய இருக்கிறது. அதை நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழியை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஓவியம் பற்றி எதுவும் படித்திருக்க வேண்டாம். ஒரு படம், ஒரு நோட்டு, அவசரமில்லாத ஒரு மணி நேரம் இருந்தால் போதும்.

தொடங்குவதற்கு முன் ஒரு விஷயம். ஆப்பிள் என்றால் பாவம், மாதுளை என்றால் உயிர்த்தெழுதல், திராட்சை என்றால் ரத்தம் என்று அர்த்தப் பட்டியல்கள் நிறையக் கிடைக்கும். நானும் அப்படி ஒரு பட்டியலோடுதான் ஆரம்பித்தேன். படத்தில் ஆப்பிளைப் பார்ப்பேன், பட்டியலில் தேடுவேன், 'பாவம்' என்று எழுதிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். அந்த ஆப்பிள் சிவப்பா பச்சையா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் குறியீடுகள் ஐந்தாவது படியில்தான் வரும். அதுவரை பட்டியலைத் தொடவேண்டாம்.

முதல் படி: ஒரே ஒரு படம்

பழகுவதற்கு நான் சொல்லும் படம் இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் 'பழக்கூடை'. ஏறக்குறைய 1599-ல் வரைந்தது. இத்தாலியின் மிலான் நகரில், அம்ப்ரோசியானா கலைக்கூடத்தில் இருக்கிறது. யூரோ வருவதற்கு முன் இத்தாலியில் புழங்கிய ஒரு லட்சம் லிரா நோட்டின் பின்பக்கத்தில் அச்சாகியிருந்ததும் இந்தக் கூடைதான். விக்கிமீடியா காமன்ஸில் பெரிய அளவில் கிடைக்கும். போனை விட லேப்டாப் திரை நல்லது. திரையில் இரவு நேர மஞ்சள் வெளிச்சம் போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். இந்தப் படத்தின் பின்னணியே வெளிர் மஞ்சள். திரையும் மஞ்சளடித்தால் எது ஓவியருடைய நிறம், எது போனுடைய நிறம் என்று பிரிக்க முடியாமல் போகும்.

படத்துக்குக் கீழே இருக்கும் விளக்கத்தைப் படிக்காதீர்கள். அது எங்கும் ஓடிவிடாது.

இரண்டாம் படி: பழம் வாங்குவது போலப் பாருங்கள்

சந்தையில் பழம் வாங்கும்போது என்ன செய்கிறோம்? கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறோம். காம்பைப் பார்க்கிறோம். எங்கேயாவது கன்றியிருக்கிறதா, சொத்தையா, இன்னும் இரண்டு நாள் தாங்குமா என்று ஒரு நொடியில் கணக்குப் போடுகிறோம். அந்தக் கண் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதே கண்ணால் இந்தக் கூடையை ஐந்து நிமிடம் பாருங்கள். பார்த்ததை நோட்டில் எழுதுங்கள். முதலில் பழங்களின் பெயர், அதற்குப் பக்கத்தில் அதன் நிலைமை.

உங்கள் நோட்டில் இப்படி ஏதாவது வரும். ஒரு பீச், இலையோடு. நடுவில் ஓர் ஆப்பிள், அதில் பூச்சி துளைத்த ஓட்டை. பேரிக்காய். மஞ்சள் நிறத்தில் குவின்ஸ் என்ற பழம். நம் பக்கம் பார்த்திராத பழம், பேரிக்காயின் உறவு. அத்திப்பழங்கள், சில பச்சை, சில கருநீலம். கருநீலப் பழங்கள் கனிந்து தோல் வெடித்திருக்கின்றன. திராட்சைக் கொத்துகள் நான்கு, ஒவ்வொன்றும் ஒரு நிறம். அங்கங்கே சில திராட்சைகள் சுருங்கிவிட்டன. அப்புறம் இலைகள். அவற்றைத் தனியாகப் பாருங்கள். சிலவற்றில் தண்ணீர்த் துளி நிற்கிறது. சிலவற்றில் புள்ளி விழுந்திருக்கிறது. சிலவற்றைப் பூச்சி அரித்திருக்கிறது. வலது பக்கம் உள்ள கொடியின் இலைகள் வாடிச் சுருண்டுவிட்டன.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலைப் பேராசிரியராக இருந்த ஜூல்ஸ் ஜானிக் கரவாஜியோவின் பழங்களை ஒரு விவசாய நிபுணராக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆப்பிளைத் துளைத்தது எந்தப் பூச்சியாக இருக்கும், அத்தி இலையில் இருக்கும் கருகல் எந்தப் பூஞ்சை நோயைப் போல இருக்கிறது என்று அவரால் சொல்ல முடிந்தது. நானூறு வருடத்துக்கு முந்தைய ஒரு படத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஒரு தோட்டக்காரர் நோய் கண்டுபிடிக்க முடிகிறது என்றால், வரைந்தவர் எவ்வளவு நேரம் அந்த இலையைப் பார்த்திருப்பார்!

அந்தக் கூடையில் மாசு மருவில்லாதது என்று ஜானிக் குறிப்பிட்டுச் சொல்லும் பழம் குவின்ஸ். இப்போது மறுபடி படத்துக்குப் போய் அதைத் தேடிப் பாருங்கள்.

மூன்றாம் படி: எதன் மேல் இருக்கிறது, எவ்வளவு தூரம் இருக்கிறது

பழங்களை விட்டுவிட்டு இப்போது கூடைக்கு அடியில் பாருங்கள். மேசை இருக்கிறதா? ஒரு மெல்லிய பட்டை மட்டும்தான் தெரியும். கூடை அந்தப் பட்டையின் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே, நம் பக்கமாக நீண்டிருக்கிறது. அதன் நிழல் விளிம்பின் மேல் விழுகிறது.

ஒரு சின்னச் சோதனை. படத்தின் அடிப்பகுதியை உள்ளங்கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள். அழகான பழக்கூடை, அவ்வளவுதான். கையை எடுங்கள். உடம்பில் எங்கோ ஒரு சிறு பதற்றம் வரும். விளிம்பில் வைத்த டம்ளரைப் பார்த்தால், "கொஞ்சம் உள்ளே தள்ளி வை" என்று சொல்லத் தோன்றுமே, அதே பதற்றம். படத்தின் மனநிலை என்று பேசுகிறோமே, அதில் பாதி இப்படித்தான் பிறக்கிறது. எந்தக் குறியீடும் தெரியாத குழந்தைக்கும் அந்தப் பதற்றம் வரும்.

அடுத்து, நாம் எந்த உயரத்தில் நின்று பார்க்கிறோம்? வீட்டில் பழக்கூடையை மேலிருந்து பார்ப்போம். இங்கே கூடை நம் கண்ணுக்கு நேர் எதிரே இருக்கிறது. மேலிருந்து பார்க்கும்போது அது நாம் எடுத்துச் சாப்பிடப் போகும் பண்டம். கண்ணுக்கு நேரே வந்துவிட்டால் எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது போல ஆகிவிடுகிறது. 'ஒரு நல்ல பூப்படம் வரைய எனக்கு ஆள் படம் வரையும் அளவுக்கே உழைப்பு தேவைப்படுகிறது' என்று கரவாஜியோ சொன்னதாக, அவரை ஆதரித்த வின்சென்சோ ஜுஸ்தினியானி ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இந்தக் கூடையை ஓர் ஆளை வரைவது போலத்தான் அவர் வரைந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. நல்ல பக்கமும் இருக்கிறது, தழும்பும் இருக்கிறது.

பின்னணியில் ஒன்றுமே இல்லை. சுவரா, வானமா என்று தெரியாத வெளிர் நிறம். இலைகளின் ஓரங்கள் அதன் மேல் வெட்டி ஒட்டியது போலத் தெளிவாகத் தெரிகின்றன. கண் ஓடி ஒளிய வேறு இடமில்லை.

நான்காம் படி: வெளிச்சம்

மனநிலையின் மற்றப் பாதி வெளிச்சத்தில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள இரண்டாவது படம் ஒன்றைப் பக்கத்தில் திறந்துகொள்ளுங்கள். ஸ்பெயின் ஓவியர் ஃபிரான்சிஸ்கோ தெ சுர்பரான் 1633-ல் வரைந்த 'எலுமிச்சை, ஆரஞ்சு, ரோஜா'. இப்போது அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் பசடேனாவில், நார்டன் சைமன் மியூசியத்தில் இருக்கிறது.

மூன்றே கொத்துதான். இடப்பக்கம் ஒரு தட்டில் நான்கு சிட்ரான் பழங்கள். எலுமிச்சைக் குடும்பத்தின் பெரியண்ணன், மேடு பள்ளமான தடித்த தோல். நடுவில் ஒரு கூடை நிறைய ஆரஞ்சு, மேலே இலையும் வெள்ளைப் பூவும். வலப்பக்கம் இன்னொரு தட்டில் ஒரு கோப்பைத் தண்ணீர், கோப்பையின் பக்கத்தில் இளஞ்சிவப்பு ரோஜா ஒன்று. பின்னால் கும்மிருட்டு.

இப்போது இரண்டு படங்களையும் போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். புகைப்படத்தைத் திருத்தும் எந்த ஆப்பிலும் இதைச் செய்யலாம். நிறம் போனதும் வெளிச்சம் எங்கே விழுகிறது, எங்கே விழவில்லை என்பது பளிச்சென்று தெரியும். கரவாஜியோவின் கூடையில் பின்னணி வெளிச்சமாக இருக்கிறது, பழங்கள் அதற்கு முன்னால் கனமாக நிற்கின்றன. சுர்பரானில் எல்லாம் தலைகீழ். இருட்டுக்குள்ளிருந்து பழங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்து சிட்ரானின் தோல் மேல் நிற்கிறது, கோப்பையின் விளிம்பில் நிற்கிறது.

அடுத்து இடைவெளியைப் பாருங்கள். மூன்று கொத்துகளும் ஒன்றையொன்று தொடவில்லை. ஒரே வரிசையில், கிட்டத்தட்ட ஒரே அளவு இடைவெளி விட்டு நிற்கின்றன. யாரோ சாப்பிடப் போகிற மேசை இப்படி இருக்காது. பூஜைக்கு எடுத்து வைத்தது போல ஓர் ஒழுங்கு. மத நம்பிக்கை எதுவும் தெரியாமல் பார்த்தாலும் இங்கே குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும் போல இருக்கும். எனக்கு ஒவ்வொரு முறையும் அப்படித்தான் இருக்கிறது.

நோட்டில் இரண்டு படத்துக்கும் எதிரே ஒரு சொல் எழுதுங்கள். சோகம், நிம்மதி, பயம், பசி, தனிமை, எது தோன்றினாலும் சரி. சொல்லுக்குப் பக்கத்தில் அந்த உணர்வு படத்தின் எந்த இடத்திலிருந்து வந்தது என்று கண்டிப்பாக எழுதுங்கள். 'சோகம்' என்று மட்டும் எழுதினால் நாளைக்கு அதைப் படித்து ஒன்றும் புரியாது. 'சோகம், வலது ஓரத்தில் சுருண்ட இலை' என்று எழுதினால் அது உங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு.

நேரம் இருந்தால் மூன்றாவதாக ஹுவான் சான்செஸ் கோத்தானின் 'குவின்ஸ், முட்டைக்கோஸ், முலாம்பழம், வெள்ளரி' படத்தையும் பாருங்கள். ஏறக்குறைய 1602-ல் வரைந்தது, சான் டியகோ கலை மியூசியத்தில் இருக்கிறது. குவின்ஸும் முட்டைக்கோஸும் கயிற்றில் தொங்குகின்றன. நம் பாட்டிமார் உறியில் தொங்கவிட்டது போல, அந்தக் காலத்து ஸ்பெயினிலும் கெட்டுப்போகாமல் இருக்கக் காயையும் பழத்தையும் கட்டித் தொங்கவிடுவார்கள். ஆனால் அந்த நான்கும் மேலிருந்து கீழாக ஒரு வளைகோட்டில் இறங்கி வருவதையும், வெள்ளரி விளிம்பைத் தாண்டி நம் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதையும் பாருங்கள். பின்னால் கரிய இருட்டு. இதை வரைந்தவர் 1603-ல் தன் தொழிலை மூடிவிட்டுப் புலால் உண்ணாத, அதிகம் பேசாத கார்த்தூசியத் துறவிகளோடு சேரப் போனார். படத்தின் மௌனத்துக்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த முட்டைக்கோஸைப் பார்த்தபின் அந்தச் செய்தி எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ஐந்தாம் படி: இப்போது குறியீடுகள்

சரி, பட்டியலை எடுக்கலாம். ஒவ்வொரு பழத்துக்கும் அர்த்தம் தேடும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த ஊர், எந்தக் காலம்? எலுமிச்சையை எடுத்துக்கொள்வோம். நமக்கு எலுமிச்சை என்றால் கோயில் மாலை, லாரிச் சக்கரத்தடியில் நசுக்குவது, வாசலில் மிளகாயோடு கட்டித் தொங்கவிடுவது. 17-ம் நூற்றாண்டு ஹாலந்தில் அது தெற்கிலிருந்து கப்பலில் வந்த விலையுயர்ந்த சரக்கு. வில்லெம் கால்ஃப் 1662-ல் வரைந்த படம் ஒன்று மாட்ரிடின் தீசன் மியூசியத்தில் இருக்கிறது. சீனப் பீங்கான் கிண்ணம், சங்கு ஓட்டில் செய்த கோப்பை, அவற்றோடு பாதி தோலுரித்த எலுமிச்சை. வெளியே அழகு, உள்ளே புளிப்பு. உலக இன்பமும் அப்படித்தான் என்று அதற்கு ஒரு விளக்கம் உண்டு. 'பார், என் வீட்டு மேசையில் எலுமிச்சை இருக்கிறது' என்ற செல்வச் செருக்கு இன்னொரு விளக்கம். மூன்றாவதும் ஒன்று இருக்கிறது. சுருண்டு தொங்கும் ஈரமான எலுமிச்சைத் தோலை வரைவது ரொம்பக் கஷ்டம். அதை வரைந்து காட்டுவது ஓவியரின் கைத்திறனுக்குச் சாட்சி. மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். நம் ஊர் திருஷ்டி எலுமிச்சை மட்டும் அங்கே இல்லை. அதை நாம்தான் கொண்டுபோகிறோம், கவனமாக இருக்க வேண்டும்.

பக்கத்தில் என்ன இருக்கிறது? பழம் தனியாகப் பேசாது. ஆப்பிளோடு பாம்பு இருந்தால் ஏதேன் தோட்டம். லத்தீனில் 'மாலும்' என்ற சொல் உச்சரிப்பைப் பொறுத்து ஆப்பிள் என்றும் தீமை என்றும் பொருள்படும். பைபிளில் பெயர் சொல்லாத அந்தக் கனி ஐரோப்பிய ஓவியங்களில் ஆப்பிளாக ஆனதற்கு இந்தச் சொல்விளையாட்டும் ஒரு காரணம். அதே ஆப்பிள் மண்டையோட்டோடும் மணல் கடிகாரத்தோடும் இருந்தால் 'எல்லாம் மாயை' என்று சொல்லும் வனிடாஸ் வகைப் படம். கத்தியோடும் சீஸ் துண்டோடும் இருந்தால் பெரும்பாலும் சாப்பாடுதான். சுர்பரானின் ஆரஞ்சுக்குப் பக்கத்தில் அதன் வெள்ளைப் பூ இருக்கிறது. ஆரஞ்சு மரத்தில் பூவும் கனியும் ஒரே நேரத்தில் இருக்கும். கன்னியாகவும் தாயாகவும் இருக்கும் மரியாளுக்கு இதைவிடப் பொருத்தமான செடி எது? ரோஜா அவளுடைய மலர், கோப்பைத் தண்ணீர் தூய்மை. மூன்று கொத்து என்பதால் திரித்துவம், அதாவது தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவர் ஒருவராக இருக்கும் கடவுள், என்று சொல்பவர்களும் உண்டு. மரியாளைச் சொல்கிறது என்ற விளக்கத்தை நான் ஏற்கிறேன், ஏனென்றால் பூ, ரோஜா, தண்ணீர் என்று மூன்று பொருள் ஒரே பக்கம் கையைக் காட்டுகின்றன. ஒரே ஒரு பொருளை வைத்துக்கொண்டு சொல்லும் விளக்கத்தை நம்பத் தயங்குங்கள்.

யார் வீட்டுச் சுவரில் தொங்கியது? புதியவர்கள் அதிகம் தவறவிடும் கேள்வி இது. எனக்கு இதுதான் எல்லாக் கதவையும் திறந்தது.

கரவாஜியோவின் கூடைக்குத் திரும்பி வருவோம். புழு ஓட்டை, வெடித்த அத்தி, சுருண்ட இலை, விளிம்பில் நிற்கும் கூடை. வாழ்வு நிலையாமை என்று யாரும் சட்டென்று சொல்லிவிடலாம். நானும் பல நாள் அதோடு நிறுத்திக்கொண்டேன். அப்புறம்தான் அது யாரிடம் இருந்தது என்று பார்த்தேன். மிலானின் பேராயர், கார்டினல் ஃபெடரிக்கோ போரோமியோ. 1618-ல் தன் ஓவியங்களை அம்ப்ரோசியானாவுக்குக் கொடுத்தபோது இந்தக் கூடையையும் கொடுத்தார். இதற்கு ஜோடியாக இன்னொரு கூடைப்படம் வைக்க விரும்பியதாகவும், இதன் அழகுக்கு ஈடாக எதுவும் கிடைக்காததால் தனியாகவே விட்டுவிட்டதாகவும் பின்னாளில் எழுதியிருக்கிறார். பூக்களும் இலைகளும் பூச்சிகளும் நிறைந்த, ஃபிளெமிய ஓவியர் யான் ப்ரூகலின் படங்களையும் அவர் விரும்பி வாங்கினார். குளிர்காலத்தில் எங்கும் பனி மூடியிருக்கும்போது அறைக்குள் வரைந்த பூக்களைப் பார்த்து மகிழ்ந்தவர் அவர். படைப்பில் உள்ள சின்ன உயிரைப் பார்ப்பதும் கடவுளைப் பார்ப்பதுதான் என்பது அவருடைய நம்பிக்கை.

இப்போது அந்த ஆப்பிளைத் திரும்பப் பாருங்கள். அந்தப் புழு ஓட்டை சாவைச் சொல்கிறதா, அல்லது 'புழுவுக்கும் இங்கே இடமுண்டு' என்று சொல்கிறதா? போரோமியோ அதன் முன்னால் நின்றபோது அவருக்கு வந்தது துக்கமாக இருந்திருக்காது என்று நான் நினைக்கிறேன். இந்த வகை ஓவியத்துக்கு டச்சுக்காரர்கள் வைத்த பெயரில் உயிர் என்ற சொல் இருக்கிறது: ஸ்டில்லேவன், அசையாமல் இருக்கும் உயிர். பிரெஞ்சுக்காரர்கள் நாத்யூர் மோர்த் என்கிறார்கள்: செத்த இயற்கை. கரவாஜியோவின் கூடையில் இரண்டு பெயருமே பொருந்தும் இடம் அந்த ஓட்டை.

பீச்சும் இலையும் பற்றி ஒரு சிறு செய்தி. 1593-ல் முதலில் அச்சான சேசரே ரீப்பாவின் 'இகோனோலோஜியா' என்ற குறியீட்டு அகராதியில், உண்மை என்ற பெண் கையில் ஒற்றை இலையோடு ஒரு பீச் வைத்திருப்பாள். பழம் இதயம் மாதிரி, இலை நாக்கு மாதிரி. இதயமும் நாக்கும் ஒன்றாக இருந்தால் அதுதான் உண்மை. கூடையின் பீச்சும் இலையோடு இருக்கிறதே என்று கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது. ஆனால் அந்தக் கூடையில் எல்லாவற்றுக்கும் இலை இருக்கிறது. அதனால் இதை நோட்டில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படிச் சில கேள்விக்குறிகளை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: அதே கூடை, வேறு மேசை

உங்கள் விளக்கம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க நல்ல வழி, அதே ஓவியர் அதே பொருளை வேறிடத்தில் எப்படி வைத்தார் என்று பார்ப்பது. கரவாஜியோ 1601-ல் வரைந்த 'எம்மாவுஸில் விருந்து' லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. உயிர்த்தெழுந்த இயேசு யாரென்று தெரியாமலே இரண்டு சீடர்கள் அவரோடு சாப்பிட உட்காருகிறார்கள். அவர் அப்பத்தை ஆசீர்வதிக்கும் கணத்தில் அடையாளம் தெரிகிறது. ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்க்கிறார், இன்னொருவர் இரண்டு கையையும் விரித்துவிட்டார். மேசையின் முன்விளிம்பில், பாதி வெளியே, ஒரு பழக்கூடை.

முன்பு அமைதியான ஒரு பதற்றமாக இருந்த அந்த விளிம்பு இங்கே அதிர்ச்சியாக மாறிவிடுகிறது. அடுத்த நொடி கூடை நம் மடியில் விழும். மாதுளையும் திராட்சையும் இங்கே தயக்கமில்லாமல் குறியீடாகின்றன, ஏனென்றால் பக்கத்தில் அப்பமும் ஆசீர்வதிக்கும் கையும் இருக்கின்றன. கரவாஜியோவின் வாழ்க்கையை 1672-ல் எழுதிய பெல்லோரி ஒரு குறை சொன்னார்: இது ஈஸ்டர் சமயம், வசந்த காலம், அப்போது ஏது அத்தியும் திராட்சையும் மாதுளையும்? பருவம் தப்பிய பழம் என்பது அவருக்குப் பிழை. எனக்கு அது ஒரு தடயம். ஓவியர் பருவத்தை மீறுகிறார் என்றால் அந்தப் பழத்துக்கு அங்கே வேறு வேலை இருக்கலாம். கூடையின் நிழல் மீன் வால் போல இருக்கிறது, மீன் ஆதிக் கிறிஸ்தவர்களின் அடையாளம் என்றும் சிலர் சொல்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கி நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள். எனக்கு சில நாள் தெரிகிறது, சில நாள் தெரியவில்லை.

ஏழாம் படி: குறியீடே இல்லாத படங்கள்

எல்லாப் பழமும் எதையோ குறிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிரெஞ்சு ஓவியர் ஷார்தான் 1761-ல் வரைந்த 'காட்டு ஸ்ட்ராபெரிக் கூடை'யைப் பாருங்கள். கோபுரம் போலக் குவித்த சிவப்பு, ஒரு டம்ளர் தண்ணீர், இரண்டு வெள்ளைப் பூ, ஒரு பீச், இரண்டு செர்ரி. மண்டையோடும் இல்லை, மரியாளும் இல்லை. அந்தத் தண்ணீரின் குளிர்ச்சியும் சிவப்பின் சூடும் ஒன்றை ஒன்று தாங்கி நிற்பதுதான் மொத்தப் படமும். பாரிசின் லூவ்ர் மியூசியம் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி 2024-ல் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. ஃபெலிபியனின் கடைசி வரிசைக்கு இப்போது இவ்வளவு மதிப்பு.

இன்னொரு பிரெஞ்சு ஓவியரான செசான் இன்னும் ஒரு படி தள்ளிப் போனார். ஏறக்குறைய 1893-ல் வரைந்த 'ஆப்பிள் கூடை' சிகாகோவில் இருக்கிறது. மேசையின் முன்விளிம்பை இடமிருந்து வலமாக விரலால் தொடர்ந்து பாருங்கள். துணிக்கு இந்தப் பக்கம் ஓர் உயரம், அந்தப் பக்கம் வேறு உயரம், இரண்டும் சேராது. பாட்டில் சாய்ந்திருக்கிறது. பழங்களை அடுக்கும்போது அடியில் சின்ன நாணயங்களைச் செருகி அவர் சாய்வைச் சரிசெய்வதை ஓர் இளம் ஓவியர் பார்த்துப் பதிவுசெய்திருக்கிறார். இந்த ஆப்பிள்களிடம் போய் ஏதேன் தோட்டத்தைக் கேட்டால் பதில் வராது. உருளுமா, நிற்குமா என்று கேளுங்கள், வரும்.

எட்டாம் படி: உங்கள் மேசையில்

இதைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். இதுவரை சொன்ன எல்லாவற்றையும் விட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இதுதான். வீட்டில் கிடைக்கும் மூன்று பழங்களை எடுங்கள். ஒரு கொய்யா, ஒரு வாழைப்பழம், ஒரு மாதுளை, அது போதும். ஒரே பக்கம் வெளிச்சம் வரும் ஜன்னலுக்கு அருகில் ஒரு தட்டில் வையுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், மேலிருந்து விழும் வெளிச்சம் நிழல்களைத் தின்றுவிடும். போனைத் தட்டின் உயரத்துக்கு இறக்கி ஒரு படம் எடுங்கள். பின்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு ஒன்று, வெள்ளைத் துணி போட்டு ஒன்று. தட்டை மேசை விளிம்புக்கு நகர்த்தி இன்னொன்று. பழங்கள் மாறவே இல்லை, நான்கு படத்திலும் மனநிலை வேறு வேறாக இருக்கும்.

அப்புறம் அந்தத் தட்டை அங்கேயே விட்டுவிடுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தினமும் காலையில் அதே நேரத்தில் ஐந்து நிமிடம் பார்த்து இரண்டு வரி எழுதுங்கள். இரண்டாம் நாள் வாழைப்பழத்தில் புள்ளி விழும். மூன்றாம் நாள் கொய்யா அறை முழுக்க மணக்கும். ஓவியத்தில் வராத ஒன்று அது, ஆனால் ஓவியருக்கு வந்திருக்கும். நான்காம் நாள் ஒரு சின்ன ஈ வந்து உட்காரலாம். விரட்டாதீர்கள். எங்கே உட்காருகிறது என்று எழுதுங்கள். அன்றைக்கு ராத்திரி கரவாஜியோவின் கூடையை மறுபடி திறந்து, அந்த ஆப்பிளின் ஓட்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள்.